விஸ்கான்சின் சிற்றூர் பார்களின் மேட்ச்புக், டோக்கன், கோஸ்டர்: பழைய விளம்பரப் பொருட்களைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு மேட்ச்புக் அட்டை இருக்கிறது. காகிதத் தீக்குச்சிகளை உள்ளே வைத்து மடித்த சிறு அட்டை உறைதான் மேட்ச்புக். விரித்து வைத்தால் ஒன்றரை அங்குல அகலம், ஏறக்குறைய நாலரை அங்குல நீளம். மங்கிய மஞ்சள் நிறம். முன்பக்கத்தில் ஓர் ஆளின் முதல் பெயரும் அதையடுத்து 'டேவர்ன்' என்ற சொல்லும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'வெள்ளிதோறும் மீன் வறுவல்', 'சனி இரவு நடனம்', ஊர்ப் பெயர், 'போன் 47'. பின்பக்கத்தில் படகில் உட்கார்ந்து பெரிய மீனொன்றைத் தூண்டிலில் இழுக்கும் மனிதர்.

அந்த மதுக்கடை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில் இருந்தது. கட்டடத்தை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. அது இருந்த மூலையில் இப்போது புல் வளர்ந்து கிடக்கிறது. ஊர் நூலகத்தில் அந்தக் கடையின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அப்படியொரு கடை இருந்தது என்று என்னை முதன்முதலில் நம்பவைத்தது இந்தச் சின்ன அட்டைதான்.

நான் பிறந்தது சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டிப் படம் சேர்க்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. ஒட்டிய படத்தைக் கிழியாமல் உரித்து, நோட்டுக்குள் வைத்து, இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவோம். வேலைக்காக விஸ்கான்சின் வந்த பிறகு, வீட்டு வாசலில் பழைய பொருட்களை விற்கும் ஒரு கராஜ் சேலில் செருப்புப் பெட்டி நிறைய பழைய மேட்ச்புக் கிடந்ததைப் பார்த்தபோது கை தானாகவே நீண்டது. அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குபவருக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்குக் குடிக்கும் பழக்கம் தேவையில்லை. நான் குடிப்பதில்லை. எந்த பாரிலும் ஒரு சோடா வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

எவையெல்லாம் இதில் சேரும்?

பார்கள் தங்கள் பெயரை அச்சடித்து இலவசமாகக் கொடுத்த எதுவும் சேரும். மேட்ச்புக், கிளாசுக்கு அடியில் வைக்கும் கோஸ்டர், பானத்தைக் கலக்கும் ஸ்விசில் ஸ்டிக், 'ஒரு டிரிங்க் இலவசம்' டோக்கன், மரக்காசு, பாட்டில் ஓப்பனர், ஐஸ் குத்தும் ஊசி, சுவர்க் காலண்டர், காகித நாப்கின், மெனு கார்டு, சாவி வளையம். பீர் நிறுவனங்கள் பார்களுக்குக் கொடுத்த தட்டு, விளக்குப் பலகை, குழாய்க் கைப்பிடி போன்றவையும் உண்டு. ஆனால் அவற்றில் பீரின் பெயர்தான் இருக்கும், கடையின் பெயர் இருக்காது. விலையும் அதிகம், போலிகளும் அதிகம். புதியவர்கள் கடையின் பெயரும் ஊரின் பெயரும் உள்ளவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அவற்றிலும் மேட்ச்புக்தான் எளிதில் கிடைக்கும், இடம் அடைக்காது, படித்துத் தெரிந்துகொள்ள நிறைய விஷயம் இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம்.

முதல் படி: எல்லை போடுங்கள்

'பார் சம்பந்தப்பட்ட எல்லாம்' என்று தொடங்கினால் ஆறே மாதத்தில் அலமாரி நிறையும், மனம் நிறையாது. ஒரு கவுன்டியை (நம் மாவட்டம் போன்றது) எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு நெடுஞ்சாலை, ஓர் ஏரிக்கரை, ஒரு ரயில் பாதை. நான் எடுத்துக்கொண்டது மூன்று கவுன்டிகள். அதற்கு வெளியே எவ்வளவு அழகான அட்டை கிடைத்தாலும் வாங்கி, அந்தப் பகுதியைச் சேகரிப்பவருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்வேன்.

எல்லை சிறிதாக இருந்தால் அட்டைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். ஒரே முகவரியில் இரண்டு வேறு உரிமையாளர் பெயர் வரும். ஒரே பெயர் பத்து வருடம் கழித்து அடுத்த ஊரில் முளைக்கும். டேவர்ன் என்றிருந்தது 'சப்பர் கிளப்' ஆகும். சப்பர் கிளப் என்பது விஸ்கான்சினில் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஏரியோரமாக, இரவுச் சாப்பாடும் பாரும் சேர்ந்து நடக்கும் இடம். அங்கே பிராந்தி ஓல்ட் ஃபேஷன்ட் என்ற கலவைப் பானம் கலக்கித் தருவார்கள். ஒரு குடும்பம் எப்படி வளர்ந்தது, எப்போது கடையைக் கைமாற்றியது என்பதெல்லாம் ஐந்தாறு அட்டைகளை வரிசையாக வைத்தாலே தெரியவரும்.

இரண்டாம் படி: மேட்ச்புக்கைப் படிக்கப் பழகுங்கள்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோஷுவா பியூசி என்ற வழக்கறிஞர், காகித அட்டையில் தீக்குச்சிகளைப் பிணைக்கும் முறைக்கு 1892-ல் காப்புரிமை பெற்றார். அதை டைமண்ட் மேட்ச் கம்பெனி விலைக்கு வாங்கியது. பியூசியின் வடிவத்தில் உரசும் பட்டை உள்ளே, குச்சித் தலைகளுக்கு அருகிலேயே இருந்தது. ஒன்றை உரசினால் மொத்தமும் பற்றிக்கொள்ளும் ஆபத்து. பட்டையை வெளியே மாற்றி, 'மூடிவிட்டு உரசவும்' என்ற எச்சரிக்கையையும் அச்சடித்த பிறகே இது பரவியது. டைமண்ட் கம்பெனியின் விற்பனையாளர் ஹென்றி டிராவுட், மில்வாக்கியின் பாப்ஸ்ட் பீர் நிறுவனத்திடம் ஒரு கோடி அட்டைக்கு ஆர்டர் வாங்கினார் என்ற கதையைச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

சிற்றூர் பார்களுக்கு இது வந்துசேர்ந்தது அதற்குப் பிறகு. 1920 ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு. பல சலூன்கள் (அந்தக் கால மதுக்கடைகள்) 'குளிர்பானக் கடை' என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு காலம் தள்ளின. 1933 ஏப்ரல் 7-ல் லேசான பீருக்கு அனுமதி வந்தது, டிசம்பர் 5-ல் மதுவிலக்கே முடிந்தது. மீண்டும் திறந்த கடைகளுக்கு விளம்பரம் வேண்டியிருந்தது. மாதிரிப் புத்தகத்தோடு விற்பனையாளர் ஊர் ஊராக வருவார். கடைக்காரர் அதிலுள்ள படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், தன் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுப்பார். 50 மேட்ச்புக் ஒரு சிறு பெட்டி, அப்படி 50 பெட்டி ஒரு கேஸ். ஆக ஒரு கேஸில் 2,500. பெரிய ஹோட்டல்கள் லட்சக்கணக்கில் அச்சடித்தன. சிற்றூர் டேவர்ன் ஒன்றிரண்டு கேஸோடு நிறுத்திக்கொள்ளும். அவற்றையும் மக்கள் உரசித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பெரிய ஊர் ஹோட்டல் அட்டை குவியலாகக் கிடைப்பதும், சிற்றூர் அட்டை ஒன்றுக்கு மேல் கிடைக்காததும் இதனால்தான்.

சரி, காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் உரசும் பட்டை. அது முன்பக்கம் இருந்தால் பழையது. பாதுகாப்புக்காக பட்டையைப் பின்பக்கம் மாற்றும் வேலை 1970-களில் நடந்தது. 1978 மே மாதம் நடைமுறைக்கு வந்த அரசு விதி அதைக் கட்டாயமாக்கியது. ஆகவே முன்பக்கப் பட்டை என்றால் ஏறக்குறைய 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முகவரி. ஜிப் கோடு என்ற ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963 ஜூலை 1-ல் வந்தது. அது இருந்தால் அதற்குப் பிந்தைய அட்டை. இல்லை என்பதால் மட்டும் முந்தையது என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் பல கடைகள் அதைப் போடவே இல்லை. மாநிலப் பெயரும் அப்படித்தான். 'விஸ்.' என்று சுருக்கி எழுதும் பழக்கம் நீண்ட காலம் நீடித்தது. 'டபிள்யூ. ஐ.' என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் 1963-ல்தான் வந்தது.

மூன்றாவது போன் எண். சிற்றூர் அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'போன் 47' என்றால், போனை எடுத்து ஆபரேட்டரிடம் 'நாற்பத்தேழு' என்று சொன்ன காலம். '47 ஆர் 2' என்பது போல எழுத்து கலந்திருந்தால் பல வீடுகள் பங்கிட்டுக்கொண்ட ஒரே லைன், மணி எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்து யாருக்கு அழைப்பு என்று தெரிந்துகொள்வார்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்தில் எக்ஸ்சேஞ்ச் பெயர் வந்தால் டயல் போன் வந்துவிட்டது என்று பொருள். ஏழு இலக்கமும் எண்ணாகவே இருந்தால் பெரும்பாலும் 1960-கள் அல்லது அதற்குப் பின். ஒவ்வொரு ஊரிலும் டயல் போன் வந்த வருடம் வேறு. உங்கள் கவுன்டியின் ஊர்களுக்கு அதைத் தேடி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் வேறெந்த அடையாளமும் இல்லாத அட்டைக்குக்கூட காலம் சொல்லிவிடலாம்.

நான்காவது, அச்சிட்ட கம்பெனியின் பெயர். உரசும் பட்டைக்கு அருகில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பொடி எழுத்தில் இருக்கும். சிகாகோவின் சுப்பீரியர் மேட்ச், செயின்ட் லூயிஸின் யுனிவர்சல் மேட்ச், ஒஹாயோவின் வாட்ஸ்வொர்த்தில் இருந்த ஒஹாயோ மேட்ச், நியூயார்க்கின் லயன் மேட்ச், டைமண்ட் ஆகியவை அடிக்கடி வரும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரை அச்சிடும் விதத்தை அவ்வப்போது மாற்றியது. சேகரிப்பாளர் சங்கங்கள் அவற்றை வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றன. லயன் மேட்சின் சில அட்டைகளில் குச்சிகளே அகலமாக, அவற்றின் மேல் படமோ எழுத்தோ அச்சாகி இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் குச்சியை எடுக்காமல் முழுதாகவே வையுங்கள்.

ஐந்தாவது, படமும் வாசகமும். போர்க் கடன்பத்திரம் வாங்கச் சொல்வது, வெற்றிக்கான 'வி' குறி, பேர்ல் ஹார்பரை நினைவூட்டுவது எல்லாம் இரண்டாம் உலகப்போர்க் காலம். 'தொலைக்காட்சி உண்டு' என்று பெருமையாகப் போட்டிருந்தால், வீடுகளில் தொலைக்காட்சி அரிதாக இருந்த போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள். கவர்ச்சிப் பெண் படங்கள் நிறைய வரும். கறுப்பினத்தவரையும் பூர்வகுடிகளையும் இழிவாகக் காட்டும் படங்களும் வரும். அவற்றை நான் தனி உறையில் வைக்கிறேன். அவை அந்தக் காலத்தின் சான்றுகள், ஒளிக்கக் கூடாது. ஆனால் வேடிக்கை காட்டும் ஆல்பத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் மஞ்சள் அட்டைக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்த்தேன். பட்டை முன்பக்கம், ஜிப் கோடு இல்லை, 'விஸ்.' என்ற சுருக்கம், இரண்டே இலக்கப் போன் எண். 1933-க்கும் 1950-களுக்கும் இடையில் என்று அட்டையே சொல்லிவிட்டது. மீதியை வேறு இடத்தில் தேடவேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

எஸ்டேட் சேல்தான் முதலிடம். வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டில் உள்ளதை அப்படியே விற்பார்கள். எல்லோரும் ஹாலில் உள்ள மேசை நாற்காலியைப் பார்க்க ஓடும்போது நீங்கள் அடுப்படி இழுப்பறைக்கும் கீழ்த்தளத்துக்கும் போங்கள். விஸ்கான்சினில் பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் சொந்தமாகச் சிறு பார் கட்டி வைப்பது வழக்கமாக இருந்தது. அந்த மேடைக்கு அடியில், கண்ணாடி ஜாடியில், மீன்பிடிப் பெட்டியில் மேட்ச்புக் இருக்கும். தேனிலவுக்குப் போன ஊர், ராணுவத்தில் இருந்த ஊர் என்று கலந்து கிடக்கும். பெட்டியைப் பிரிக்காமல் மொத்தமாக வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரே ஆளின் கோட்டுப் பையிலிருந்து வந்த மேட்ச்புக்குகள் சேர்ந்து இருப்பதே ஒரு தகவல்.

அடுத்து ஆன்டிக் மால், பழைய பொருள் சந்தை, ஈபே. ஈபேயில் கடையின் பெயரைத் தேடாதீர்கள், ஊரின் பெயரைத் தேடுங்கள். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியும் தேடிப் பாருங்கள். விற்பவர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தால் விஸ்கான்சின் ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டில் தடுக்கி விழுந்திருப்பார்.

சங்கத்தில் சேருங்கள். ராத்காம்ப் மேட்ச்கவர் சொசைட்டி 1941-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. மேட்ச்புக் அட்டைக்காரர்களிடம் காசை விடப் பண்டமாற்றுதான் அதிகம். உங்களிடம் இரட்டையாக உள்ளதை அனுப்பினால், உங்கள் கவுன்டி அட்டையை யாரோ ஒருவர் எடுத்து வைத்து அனுப்புவார். பீர் சம்பந்தப்பட்ட மற்ற பொருட்களுக்கு 1982-ல் தொடங்கிய அமெரிக்கன் புருவரியானா அசோசியேஷன் இருக்கிறது.

கடைசியாக, பாருக்கே போவது. இதற்கு ஒரு பக்குவம் வேண்டும். வெள்ளி மாலை மீன் வறுவல் நேரத்தில் போய்ப் பழைய மேட்ச்புக் கேட்டால் பதில் சொல்லக்கூட ஆளிருக்காது. வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். ஏதாவது வாங்குங்கள். சுவரில் உள்ள பழைய புகைப்படத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்களிடம் உள்ள ஓர் அட்டையைக் காட்டுங்கள். காட்டிய பிறகு கேட்பதற்கும் காட்டாமல் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருமுறை அப்படிக் காட்டியபோது, கல்லாவில் நின்ற அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், காபி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அவருடைய மாமனார் காலத்து டோக்கன்கள். 'வேண்டியதை எடுத்துக்கோங்க, ஆனா வருஷத்தில் ஒருதரம் வந்து எங்களைப் பார்த்துட்டுப் போங்க' என்றார். நான் இரண்டு மட்டும் எடுத்தேன். வருடம் தவறாமல் போகிறேன்.

சுவரில் மாட்டியதை விலை கேட்காதீர்கள். அது அந்தக் கடையின் உடம்பு.

நான்காம் படி: விலை

சாதாரண பார் மேட்ச்புக் அட்டைக்கு மொத்தக் குவியலில் சில சென்ட்தான் விழும். தனியாக வாங்கினால் ஒன்றிரண்டு டாலர். இருவர் ஒரே ஊருக்குப் போட்டியிட்டால் மட்டும் ஏறும். உரசாத பட்டை உயர்ந்தது, உரசிய தழும்புள்ளது அடுத்தது. பழைய சேகரிப்பாளர் சிலர் பட்டைப் பகுதியை வெட்டிவிட்டு ஆல்பத்தில் வைத்தார்கள். வால் வெட்டிய அட்டைக்கு மதிப்புக் குறைவு. என்றாலும் ஊர்ப் பெயர் உங்களுடையது, வேறு பிரதி கண்ணில் பட்டதில்லை என்றால் வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: குச்சிகளைப் பிரித்தெடுப்பது

முழு மேட்ச்புக்கை அப்படியே வைப்பதா, குச்சியை எடுத்து அட்டையை மட்டும் தட்டையாக்கி வைப்பதா? பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தட்டையாக்குகிறார்கள். இடம் மிச்சம், தீ அபாயமும் இல்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன். செய்யும் முன் இருபக்கமும் படம் எடுத்துவிடுவேன்.

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். அட்டையைத் திறந்து, ஸ்டேப்ளர் பின்னின் கால்கள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். மெல்லிய தட்டை முனை ஸ்க்ரூடிரைவரை ஒரு காலுக்கு அடியில் நுழைத்து, நேராக நிற்கும் வரை மெதுவாக நிமிர்த்துங்கள். அடுத்த காலையும் அப்படியே. இரண்டும் நிமிர்ந்த பிறகு மறுபக்கத்திலிருந்து சிறிய ட்வீசரால் பின்னை நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் துளை கிழியும். துருப்பிடித்த பின் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள். பின் வந்ததும் குச்சிச் சீப்பு தானாக நழுவி விழும்.

மடிப்புகளை விரல் நுனியால் விரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ஒரு வாரம் விடுங்கள். எடுத்த குச்சிகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.

தண்ணீர் குச்சிக்கு மட்டும்தான். தொடங்கிய புதிதில், ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய ஓர் அட்டையை, தபால்தலையை எடுப்பதுபோல வெந்நீரில் ஊறவைத்தேன். ஐந்து நிமிடத்தில் சிவப்பு மை கரைந்து ஓடியது, உரசும் பட்டை குழம்பாக வந்தது, கடையின் பெயர் இருந்த வரி மறைந்தே போனது. அதற்கு இன்னொரு பிரதியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. ஒட்டிய அட்டை கிடைத்தால் ஆல்பத் தாளோடு சேர்த்து வெட்டி அப்படியே வையுங்கள்.

ஆறாம் படி: பத்திரப்படுத்துவது

பசை, செலோடேப், ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளடைவில் அது பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை நல்லது. மேட்ச்புக் அட்டைக்கென்றே பிளவு வெட்டிய ஆல்பத் தாள்கள் கிடைக்கும், அமிலமற்றது என்று பார்த்து வாங்குங்கள். பட்டையின் தூள் எதிர்ப்பக்க அட்டையில் படியும், ஆகவே இடையில் ஒரு தாள் வையுங்கள். கீழ்த்தளத்தில் ஈரம், பரணில் வெப்பம். படுக்கையறை அலமாரிதான் சரி.

முழு மேட்ச்புக் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொட்டிக் குவிக்காதீர்கள். ஒன்றின் குச்சித்தலை இன்னொன்றின் பட்டையில் உரசினால் என்ன ஆகும் என்று சாத்தூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனி உறையிலிட்டு, மூடியுள்ள தகரப் பெட்டியில், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தொலைவில் வையுங்கள்.

ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் கட்டாயம் தட்டையாக்கித்தான் கொண்டுவர வேண்டும். அமெரிக்க விமானங்களில் செக்-இன் பெட்டியில் தீக்குச்சி கூடவே கூடாது. கையோடு ஒரே ஒரு மேட்ச்புக் அனுமதி. வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பவும் முடியாது. குச்சி இல்லாத அட்டை வெறும் காகிதம்.

டோக்கனும் கோஸ்டரும்

டோக்கன் பித்தளை அல்லது அலுமினியத்தில் இருக்கும். வட்டம், எண்கோணம், பூவிதழ் விளிம்பு எனப் பல வடிவம். 'ஐந்து சென்ட் மதிப்புள்ள சரக்குக்கு' என்று ஒரு பக்கம், கடைக்காரர் பெயர் மறுபக்கம். ஊர்ப் பெயர் இல்லாதவையே அதிகம், அவற்றின் ஊரைக் கண்டுபிடிப்பது தனி வேட்டை. பில்லியர்ட்ஸ் மேசை தயாரித்த பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர் கம்பெனி தன் வாடிக்கையாளர் கடைகளுக்கு அடித்துக்கொடுத்த டோக்கன்களும் வரும். எதையும் பளபளவென்று தேய்க்காதீர்கள். தேய்த்தால் போன பழமை திரும்பாது.

ஏமாற்று அதிகம் நடக்கும் இடமும் இதுதான். விலைமாதர் விடுதி, கௌபாய் சலூன் என்று கிளுகிளுப்பான வாசகத்தோடு வரும் டோக்கன்கள் பெரும்பாலும் சுற்றுலாக் கடைகளுக்காகப் பிற்காலத்தில் அடித்த கற்பனைப் பொருட்கள். உண்மையான சிற்றூர் டோக்கனில் கவர்ச்சி எதுவும் இருக்காது. பெயர், மதிப்பு, அவ்வளவுதான்.

டோக்கன் வழக்கம் இன்னும் சாகவில்லை. விஸ்கான்சின் பாரில் உங்கள் கிளாஸ் நிறைந்திருக்கும்போது பக்கத்திலிருப்பவர் உங்களுக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தால், பார்க்காரர் ஒரு மரக்காசையோ பிளாஸ்டிக் வில்லையையோ உங்கள் முன்னால் வைப்பார். அடுத்ததுக்குக் காசு வந்துவிட்டது என்று பொருள். இப்போது வழங்கும் அந்த வில்லைகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை மூடினால் அவையும் அரிதாகும்.

கோஸ்டர் ஜெர்மனியிலிருந்து வந்தது. மரக்கூழ் அட்டையில் அதைச் செய்யும் முறைக்கு டிரெஸ்டன் நகரின் ராபர்ட் ஸ்புத் 1892-ல் காப்புரிமை பெற்றார். சிற்றூர் பார் தன் பெயரில் கோஸ்டர் அடிப்பது குறைவு, பீர் கம்பெனியுடையதே கிடைக்கும். லா கிராஸின் ஹைலமன், சிப்பவா ஃபால்ஸின் லைனன்கூகல், ஸ்டீவன்ஸ் பாயின்ட்டின் பாயின்ட் போன்ற உள்ளூர் பீர்களுடையவற்றை உங்கள் கவுன்டியோடு இணைத்து வைக்கலாம்.

ஏழாம் படி: கதையைச் சேர்ப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் போடுங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்னவெல்லாம் எழுதியிருக்கிறது, காலம் பற்றிய உங்கள் கணிப்பு, அதற்கான காரணம். அட்டையின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால் உறையின் மேல், பென்சிலால்.

பிறகு தேடல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1963 வரையிலான பல ஊர்ச் செய்தித்தாள்களை 'கிரானிக்கிளிங் அமெரிக்கா' என்ற தளத்தில் இலவசமாகத் தருகிறது. அதே நூலகத்தில் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களும் உண்டு. பழைய தெருக்களில் ஒவ்வொரு கட்டடமும் அளவோடு வரைந்திருக்கும், சலூன் இருந்த இடத்தில் 'சல்.' என்ற சுருக்கம் இருக்கும். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியில் ஊர்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் நிறைய இருக்கிறது. வார இதழ்களில் வியாழன்தோறும் மதுக்கடை விளம்பரம் வரும்: இந்த வாரம் யார் பாட்டு, என்ன சாப்பாடு. என் மஞ்சள் அட்டையின் கடைக்காரரை அப்படித்தான் 1940-களின் கடைசியில் கண்டுபிடித்தேன். மீன் வறுவலும் சனி நடனமும் விளம்பரத்தில் அதே சொற்களில் இருந்தன.

அதன் பிறகு, அட்டையை ஸ்கேன் செய்து பெரிதாக அச்சிட்டு அந்த ஊர் நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் அதை வாசல் பலகையில் ஒட்டினார். இரண்டு வாரம் கழித்து எனக்கு அழைப்பு வந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைப் பார்க்கவேண்டும் என்கிறாராம். போனேன். மூல அட்டையை உறையோடு அவர் கையில் கொடுத்தேன். பெயரைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நேராகப் போன் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

'நாற்பத்தேழு. அதுதான் எங்க வீட்டு நம்பரும். கடைக்கு மேல்மாடியிலதான் இருந்தோம். மணி அடிச்சா யார் முதல்ல கீழே ஓடி எடுக்கிறதுன்னு எனக்கும் என் தம்பிக்கும் தினமும் சண்டை.'

அதை அங்கேயே தாளில் எழுதிக்கொண்டேன், 'போன் 47' என்ற வரிக்கு நேராக.